காட்கோபரில் விமானப் பாதைக்கு நேர் கீழே வீடு, சத்தத்தைக் குறைக்க என்ன வழி?

காட்கோபர்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மும்பையில் இருக்கும் நம் ஆட்களில் இந்த விஷயத்தில் அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோம்பிவிலியில் பத்து வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, போன வருடம் காட்கோபர் மேற்கில் ஏழாவது மாடியில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். வீட்டைப் பார்க்கப் போனது மே மாதம், மதியம் இரண்டு மணி. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் கணவரும் அரை மணி நேரம் நின்று பேசினோம், ஒரு விமானம்கூடப் போகவில்லை. குடிவந்த பிறகு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும், மழைக்கு முன்னால் வருடத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக இரண்டு ஓடுபாதைகளையும் காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை மூடிவிடுவார்களாம். நாங்கள் போனது சரியாக அந்த நாள். வீட்டைக் காட்டிய தரகருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். இரவுதான் முடியவில்லை. ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை விடாமல் வருகிறது. முதலில் இறங்கும் விளக்கின் வெளிச்சம் கூரையில் ஒரு கோடு மாதிரி ஓடும், அப்புறம் அடுப்படி ஸ்டாண்டில் இருக்கும் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும், அதற்குப் பிறகுதான் சத்தம் தலைக்கு மேல் வந்து விழும். என் மகளுக்குப் பதினான்கு மாதம். ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கிப் போடுகிறாள். சில சமயம் அழுகிறாள், சில சமயம் கண்ணை மூடியபடியே உடம்பு மட்டும் அதிர்கிறது. அழாத நேரம்தான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

கேட்க வேண்டியவை: வீட்டுக்குள் என்ன செய்தால் உண்மையிலேயே குறையும்? பெரிய அளவில், அதாவது விமானத்தை ஓட்டுகிறவர்களும் நிலையத்தை நடத்துகிறவர்களும் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா, இல்லை இதுதான் விதி என்று இருக்க வேண்டியதுதானா? புகார் யாரிடம் கொடுப்பது? நான் ஒரு இடத்துக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன், தானியங்கி பதிலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

---

நடுநிலை எழுதியது:

விமான நிலையம் உங்களுக்கு முன்னாலேயே அங்கே இருக்கிறது. மேப்பைத் திறந்து பார்த்தாலே ஓடுபாதை நேராகக் காட்கோபரைப் பார்த்து இருப்பது தெரியும். தெரிந்தே வாங்கிவிட்டு இப்போது விமானத்தைக் குறை சொல்வது சரியா? வேறு இடம் பார்ப்பதுதான் நல்லது.

---

காட்கோபர்வாசி எழுதியது:

வேறு இடம் பார்க்கும் நிலையில் இல்லை சார், இருபது வருடக் கடன் இருக்கிறது. விமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றால் நாங்களும்தான் தூத்துக்குடிக்கு விமானம் பிடிக்கிறோம். குறைக்க முடிகிறதைக் குறைக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

---

கண்ணாடிக்காரன் எழுதியது:

அக்கா, நான் குர்லாவில் அலுமினிய ஜன்னல் வேலை செய்கிறேன், பதினெட்டு வருடம் ஆகிறது. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பது மூன்று தண்டவாள ஸ்லைடிங் ஜன்னலாகத்தான் இருக்கும், மும்பையில் பில்டர்கள் போடுவது அதுதான். அதில் கண்ணாடியை மட்டும் மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். சத்தம் கண்ணாடி வழியாக வருவதைவிட இடுக்கு வழியாகத்தான் அதிகம் வருகிறது. இதை நீங்களே பார்க்கலாம். ஜன்னலை மூடிவிட்டு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, சட்டத்தை ஒட்டியே மெதுவாகக் கொண்டு போங்கள். இரண்டு கதவு சந்திக்கிற இடத்தில் புகை வளையும், கீழே மழைத்தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் துளைகளுக்குப் பக்கத்தில் வளையும், ஏசி குழாய்க்குச் சுவரில் போட்ட ஓட்டையில் கட்டாயம் வளையும். புகை வளைகிற இடமெல்லாம் காற்று போகும் வழி, காற்று போகிற வழியில் சத்தமும் போகும். ஜன்னல் ஏசி வைத்திருந்தால் அது சுவரில் விட்ட பெரிய ஓட்டை, அதை எடுத்துவிட்டு ஸ்பிளிட்டுக்கு மாறினாலே வித்தியாசம் தெரியும்.

பழைய ஜன்னல் அப்படியே இருக்கட்டும். உள்பக்கம், சுவர்த் தடிமனுக்குள் இன்னொரு ஜன்னல் போடுங்கள். கதவு மாதிரி திறந்து மூடுகிற கேஸ்மென்ட், யுபிவிசி எனும் கெட்டி பிளாஸ்டிக் சட்டம், சுற்றிலும் இரட்டை ரப்பர், இழுத்துப் பூட்டினால் ரப்பர் அழுந்த வேண்டும். கண்ணாடி லேமினேட்டட், அதாவது இரண்டு தகட்டுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அந்தப் படலம்தான் அதிர்வைத் தின்னும். வெளிக் கண்ணாடி ஐந்து மில்லிமீட்டர் என்றால் உள்ளே பத்துக்குப் பக்கத்தில் போடுங்கள், இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் ஒரே சுரத்தில் சேர்ந்து அதிரும். நடுவில் நான்கு அங்குலம் இடைவெளி கிடைத்தால் ரொம்ப நல்லது. கடையில் ‘டபுள் கிளேஸ்’ என்று அரை அங்குல இடைவெளியில் விற்பார்கள், அது வெயிலுக்கு நன்றாக இருக்கும், விமானத்தின் அடித்தொண்டைச் சத்தத்துக்குப் பெரிதாக உதவாது. இடுக்குள்ள ஸ்லைடிங் இருபது டெசிபல் சுற்று வட்டாரத்தில் குறைக்கிறது என்றால், இந்த மாதிரி நன்றாக அடைத்த இரட்டை ஜன்னல் முப்பத்தைந்தைத் தாண்டும். பத்து டெசிபல் குறைந்தால் நம் காதுக்குப் பாதியாகக் கேட்கும், அந்தக் கணக்கில் பாருங்கள்.

எல்லா அறைக்கும் போட வேண்டாம். குழந்தை தூங்குகிற அறைக்கு மட்டும் முதலில் போடுங்கள், அந்த அறையின் கதவுக்கு அடியிலும் ஒரு ரப்பர் பட்டை. திரைச்சீலை, முட்டை அட்டை மாதிரி இருக்கும் நுரை இதையெல்லாம் நம்பாதீர்கள், அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. இன்னொன்று, இப்படி அடைத்தால் காற்றும் நின்றுவிடும். பகலில் இரண்டு ஜன்னலையும் திறந்து நன்றாகக் காற்று விடுங்கள், இரவில் ஹால் பக்கத்திலிருந்து காற்று வர ஒரு வழி வையுங்கள். சத்தத்தை மறைக்கிறேன் என்று தொட்டில் பக்கத்தில் வேறு ஏதாவது இரைச்சல் கருவியை வைக்க வேண்டாம், என் தங்கை அப்படி வைத்து டாக்டரிடம் திட்டு வாங்கினாள்.

---

செம்பூர்த்_தாத்தா எழுதியது:

அம்மா, நான் விமானப் பராமரிப்பில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். உன் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. பலரும் ‘விமானச் சத்தம்’ என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள், அது ஒன்றல்ல. எந்தச் சத்தம் என்று பிரித்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியும்.

மும்பையில் இரண்டு ஓடுபாதைகள், ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டுகின்றன. அதனால் இரண்டிலும் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓட்ட முடியாது, நடைமுறையில் ஒரு ஓடுபாதை நிலையம்தான். உச்ச நேரத்தில் மணிக்கு 40-க்கு மேல் ஏறி இறங்குகின்றன, பாதி இறங்குவது என்று வைத்தால் மூன்று நிமிடத்துக்குள் ஒன்று உன் தலைக்கு மேல். பெரிய ஓடுபாதைக்கு 09, 27 என்று பெயர், காற்று மேற்கிலிருந்து வீசும்போது கிழக்கே காட்கோபர் பக்கமிருந்து உள்ளே வந்து இறங்கிக் கடலைப் பார்த்து ஏறுவார்கள். வருடத்தில் பெரும்பாலும் இப்படித்தான். இறங்கும் சரிவு மூன்று டிகிரி. ஓடுபாதை முனையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாய் என்றால் விமானம் தரையிலிருந்து சுமார் 170 மீட்டரில் போகிறது. உன் ஏழாவது மாடியைக் கழித்துக்கொள்.

அந்த உயரத்தில் நீ கேட்பதில் பாதி எஞ்சின் சத்தமே அல்ல. சக்கரத்தை இறக்கியிருக்கிறார்கள், இறக்கையின் பின்பக்கத்து ஃபிளாப்பை முழுதாக விரித்திருக்கிறார்கள், காற்று அவற்றில் மோதிக் கிழிகிற சத்தம் அது. இதை வெறும் ஓட்டும் முறையால் குறைக்க வழி மிகக் குறைவு, ஏனென்றால் அந்த இடத்துக்கு வரும்போது விமானம் நிலையாக, இறங்கத் தயாராக இருந்தாக வேண்டும், அது பாதுகாப்பு. ‘தொடர் இறக்கம்’ என்று ஒரு முறை இருக்கிறது, படிப்படியாக நின்று நின்று இறங்காமல் மேலிருந்து எஞ்சினைத் தணித்து வழுக்கிக்கொண்டே வருவது. நல்ல முறை, ஆனால் அதன் பலன் இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு. உனக்கல்ல. யாராவது அதைக் காட்டி ‘செய்துவிட்டோம்’ என்றால் ஏமாறாதே.

விசில் மாதிரி ஒரு சத்தம் பற்றித் தாணே, முலுண்ட் பக்கத்து ஆட்கள் கேட்பார்கள். அது ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானங்களின் இறக்கைக்கு அடியில் எரிபொருள் தொட்டிக்கான வட்டமான துளைகளால் வருவது. காலி பாட்டில் வாயில் ஊதினால் எப்படி ஊளையிடும், அதே கதை. துளைக்கு முன்னால் உள்ளங்கை அளவு ஒரு உலோகத் துண்டை ஒட்டினால் காற்று கலைந்து விசில் நின்றுவிடும். 2014-ல் ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம் தன் பழைய விமானங்களில் இதைப் பொருத்த ஆரம்பித்தது. இவ்வளவு சின்னத் துண்டு இவ்வளவு பேரின் காதைக் காப்பாற்றும் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறையும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்கு உண்மையில் பலன் தருவது மூன்று.

ஒன்று விமானமே. 2016-லிருந்து நம் நாட்டில் ஓடும் ஏ320 நியோ மாதிரியானவற்றில் முன்விசிறி பெரிது, மெதுவாகச் சுழல்கிறது, வெளியேறும் காற்றின் வேகம் குறைவு. ஏறும்போது வித்தியாசம் காதால் உணரலாம், இறங்கும்போது அந்த அளவு இல்லை, நான் மேலே சொன்ன காரணம்தான். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட், லண்டனின் ஹீத்ரோ போன்ற விமான நிலையங்களில் சத்தம் அதிகமான விமானத்துக்கு இறங்கும் கட்டணமும் அதிகம். அப்படி வைத்தால் நிறுவனம் தானாகவே அமைதியான விமானத்தை அந்த ஊருக்கு அனுப்பும்.

இரண்டு, உனக்குப் பின்னணியில் கேட்கும் உறுமல். இறங்கும் சத்தம் போன பிறகும் தூரத்தில் ஒரு ‘கும்ம்’ என்று வருகிறது அல்லவா, தட்டுகள் அதிர்வதில் அதற்கும் பங்கு உண்டு. அது கிழக்கு முனையில் அடுத்த விமானம் கடலைப் பார்த்துப் புறப்படும்போது பின்பக்கம் தள்ளும் சத்தம், ஜரிமரி, அசல்பா, உங்கள் பகுதி எல்லாம் அதற்கு நேர் பின்னால். அதோடு இறங்கியதும் வேகத்தைக் குறைக்க எஞ்சின் தள்ளுவிசையைத் திருப்புவார்கள். ஓடுபாதை காய்ந்திருந்து நீளமும் இருந்தால் இரவில் அதை முழு வலுவில் போடாமல் மிகக் குறைந்த அளவில் வைக்கலாம், பல நாடுகளில் இரவு விதியே அதுதான். மழையில் கேட்காதே, மழையில் அது வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது, இரவு நேரம். ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் ஏன் இவ்வளவு என்று யோசித்திருக்கிறாயா? ஃபிராங்க்ஃபர்ட்டில் 2011-லிருந்து இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை திட்டமிட்ட விமானங்களுக்குத் தடை. ஹீத்ரோவில் இரவுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு. அவர்கள் ஊரில் விடிந்ததும் போய் இறங்க வேண்டும் என்றால் இங்கிருந்து இரண்டு மணிக்குக் கிளம்பினால்தான் கணக்கு சரியாக வரும், ஒன்பது மணி நேரப் பயணம், அங்கே கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அந்த ஊர்க் குழந்தைகள் தூங்க வேண்டும் என்று அங்கே போராடி வாங்கிய அமைதிக்கு நம் ஊர்க் குழந்தைகள் விலை கொடுக்கிறார்கள். இதை நான் வேலையில் இருந்தபோது ஒரு நாளும் நினைத்ததில்லை. ஓய்வு பெற்று வீட்டில் படுத்த பிறகுதான் உறைத்தது.

---

அசல்பா_வாசகர் எழுதியது:

பெரியவரே, அருமையான விளக்கம். ஒரு சந்தேகம். பாதி இரவுகளுக்கு இன்னொரு ஓடுபாதையைப் பயன்படுத்தினால் எங்களுக்கு ஓய்வு கிடைக்குமே? லண்டனில் மதியம் மூன்று மணிக்கு இறங்கும் ஓடுபாதையை மாற்றுவார்கள் என்று படித்தேன்.

---

செம்பூர்த்_தாத்தா எழுதியது:

தம்பி, அந்த இன்னொரு ஓடுபாதை எங்கள் செம்பூரைப் பார்த்து இருக்கிறது. 14, 32 என்பது அதன் பெயர். அது நீளத்திலும் குறைவு, தென்கிழக்கே டிராம்பே குன்று வேறு நிற்கிறது, அதனால் எல்லா விமானத்துக்கும் எல்லா நேரத்துக்கும் ஒத்துவராது. பெரியதை மூடும் நாட்களில் எங்கள் காலனியில் பேசுவதை நிறுத்தி நிறுத்திப் பேசுவோம். ஹீத்ரோவில் இரண்டும் இணையாக ஓடுகின்றன, அதனால் காலையில் ஒரு பக்கம், மூன்று மணிக்கு மேல் மறுபக்கம் என்று பிரிக்க முடிகிறது. அங்கே உள்ள நல்ல விஷயம் மாற்றுவது மட்டுமல்ல, எப்போது மாறும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் சத்தத்தை எனக்குத் தாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் மேலேயே இருக்கட்டும் என்றும் சொல்ல மனசு வரவில்லை.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

நான் குர்லா மேற்கில் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழி வகுப்பு எடுக்கிறேன். இரட்டை ஜன்னல் பற்றிப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஜரிமரி பக்கத்திலிருந்து வருகிறார்கள். விமான நிலையச் சுவரை ஒட்டிய வரிசை வீடுகள், மேலே தகரம். தகரத்துக்கு எந்தக் கண்ணாடி போடுவது? அந்த வீடுகளில் பல, இங்கே ஒருவர் சொன்ன மாதிரி ‘மேப்பைப் பார்த்து வாங்கிய’ வீடுகள் அல்ல, அப்பாவும் தாத்தாவும் திருநெல்வேலியிலிருந்து வந்து கிடைத்த இடத்தில் கட்டிக்கொண்டவை.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். விமானம் வரும்போது நான் பேச்சை நிறுத்துவேன். இப்போதெல்லாம் நான் கையை உயர்த்தவே வேண்டாம், வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை தானாகவே பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி நின்று, விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்துக் காத்திருந்து, சத்தம் போனதும் அதே எழுத்திலிருந்து தொடர்கிறது. பார்ப்பவர்களுக்குச் சமத்தாகத் தெரியும். எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சொல்வதை எழுதச் சொன்னால் ல, ள, ழ மூன்றும் காற்றோடு போய்விடுகிறது. ‘பள்ளம்’ என்று நான் சொன்னதை நான்கு பேர் ‘வெள்ளம்’ என்று எழுதியிருந்தார்கள். ‘கிளி’ என்று சொன்னால் ‘கிழி’. பிழை என்று சிவப்பு மையில் சுழிக்க எனக்குக் கை வரவில்லை, அவர்கள் காதில் விழுந்ததைத்தானே எழுதினார்கள். போன மாதம் ஒரு நாள் நாற்பது நிமிட வகுப்பில் எத்தனை முறை நிறுத்துகிறேன் என்று பலகையின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பதினொன்று.

இது வெறும் சிரமம் அல்ல என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1992-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரம் பழைய விமான நிலையத்தை மூடிவிட்டு வேறு இடத்தில் புதியது திறந்தது. இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்தார்கள். பழைய நிலையத்தின் பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நீண்டகால நினைவும் சத்தம் நின்ற பிறகு தேறின. புதிய நிலையத்தின் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதே இரண்டும் சரிந்தன. சத்தத்தை நிறுத்தினால் பிள்ளை மீண்டு வருகிறது என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. காட்கோபர்வாசி, உங்கள் மகளுக்கு இன்னும் வயது இருக்கிறது, அந்த அறையைச் சீக்கிரம் அடைத்துவிடுங்கள்.

---

முருகேஷ்பாளையா எழுதியது:

பெங்களூரிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் வீடு பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்துக்குப் பக்கத்தில். 2008 மே மாதம் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போன அன்று இரவு அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார், ஏதோ குறைகிறதே என்று. இப்போதும் பகலில் தேஜஸ் போர் விமானத்தின் சோதனைப் பறத்தலும் ஹெலிகாப்டரும் உண்டு, ஆனால் இரவு நம்முடையது. மாற்றினால் தீருமா என்றால் எங்களுக்குத் தீர்ந்தது. அங்கே இருந்தவர்களுக்கு ஆரம்பித்தது. காலி நிலமாக இருக்கும்போதே ஓடுபாதையின் நேர் முனையில் வீடு, பள்ளி, மருத்துவமனை கட்ட விடாமல் கிடங்கு, தொழிற்கூடம் என்று ஒதுக்கியிருக்க வேண்டும். நவி மும்பை நிலையம் 2025 டிசம்பரில் ஓட ஆரம்பித்துவிட்டது, உல்வே பக்கம் வீடு பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு ராத்திரி அங்கே தங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

---

சொசைட்டி_செயலாளர் எழுதியது:

புகார் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் சொசைட்டிக்காக, அதாவது எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்காக, ஒன்றரை வருடம் அலைந்து கற்றுக்கொண்டது.

‘சத்தம் தாங்கவில்லை’ என்று எழுதினால் தானியங்கி பதில்தான் வரும். எந்தத் தேதி, எத்தனை மணி எத்தனை நிமிடம், இறங்கியதா ஏறியதா, ஜன்னல் திறந்திருந்ததா, குழந்தை எழுந்ததா என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள். விமானங்களைக் காட்டும் செயலியில் அது எந்த வகை என்பதும் தெரியும், அதையும் சேருங்கள். போனில் டெசிபல் அளக்கும் செயலியை வழக்குக்கு ஆதாரமாக யாரும் ஏற்க மாட்டார்கள், ஆனால் ஜன்னல் போடுவதற்கு முன், பின் ஒப்பிட உதவும்.

அடுத்து சட்டம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புக்குப் பகல் 55, இரவு 45 டெசிபல் என்று இருக்கிறது. அதைக் காட்டித்தான் நானும் முதலில் சண்டை போட்டேன். 2018-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விமான நிலையங்களுக்குத் தனி அளவு கொண்டுவந்தது. வருடத்துக்கு 50,000-க்கு மேல் ஏறி இறங்கும் நிலையம் என்றால், அதைச் சுற்றியுள்ள ஒலி மண்டலத்துக்குள் பகல் 70, இரவு 65. ஒப்பிட்டுப் பார்க்க, உலக சுகாதார நிறுவனம் அதே 2018-ல் ஐரோப்பாவுக்கு விமானச் சத்தம் இரவில் 40-க்குள் இருக்க வேண்டும் என்றது. இன்னொன்றும் கவனியுங்கள், 65 என்பது இரவு முழுவதுக்குமான சராசரி. ஒரு விமானம் இருபது நொடி கத்திவிட்டுப் போனது சராசரியில் கரைந்துவிடும். விமானங்களைப் பாதியாகக் குறைத்தால்கூடச் சராசரி மூன்று டெசிபல்தான் இறங்கும். குழந்தை சராசரியைக் கேட்டு எழுவதில்லை, அந்த ஒரு விமானத்தைக் கேட்டு எழுகிறது. ஆகவே சராசரியோடு, இரவில் ஒரு அளவைத் தாண்டிய விமானங்கள் எத்தனை என்ற எண்ணிக்கையையும் கேளுங்கள்.

எங்கே கேட்பது? நிலையத்தை நடத்துவது தனியார் நிர்வாகம், அங்கே நேராக ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமை மனு, போட்டால் சுற்றலில் விடுவார்கள். டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போடுங்கள், பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஒலி மண்டல வரைபடத்தின் நகல், அதில் உங்கள் கட்டடம் உள்ளேயா வெளியேயா, உங்கள் பக்கத்து அளவீட்டுக் கருவியில் கடந்த பன்னிரண்டு மாதத்தின் இரவு அளவுகள், இரவில் எஞ்சின் தள்ளுவிசையைத் திருப்புவதற்கு என்ன விதி. இவ்வளவு போதும். கேள்வி குறைவாக இருந்தால் நழுவ இடமில்லை. தனி ஆளாகப் போடாமல் நான்கைந்து சொசைட்டி சேர்ந்து போடுங்கள், டீச்சருடைய பள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பள்ளி என்றால் கோப்பு கொஞ்சம் நகரும்.

---

காட்கோபர்வாசி எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

ஊதுபத்தி வைத்துப் பார்த்தோம். ஏசி ஓட்டையில் புகை அப்படியே வெளியே உறிஞ்சிக்கொண்டு போனது, கணவர் அன்றே சிலிகான் வாங்கி வந்து அடைத்தார். உள் ஜன்னல் போன ஞாயிற்றுக்கிழமை போட்டாகிவிட்டது. எங்கள் சுவரில் நான்கு அங்குலம் கிடைக்கவில்லை, மூன்றுதான் கிடைத்தது. போனில் பார்த்தவரை முன்பு அறைக்குள் 68 காட்டியது இப்போது 53, 54 காட்டுகிறது. தாத்தா சொன்ன அந்த ‘கும்ம்’ மட்டும் குறையவில்லை, சுவர் வழியாகவே வருகிறது போல. ஆனால் விமானம் இப்போது அடுத்த தெருவில் போகிற மாதிரி இருக்கிறது. நேற்று இரவு மகள் ஒரே ஒரு முறை எழுந்தாள், அதுவும் பசிக்கு.

நோட்டில் பதினாறு இரவு எழுதியிருக்கிறேன். எங்கள் சொசைட்டி கமிட்டியில் படித்துக் காட்டியபோது யாரும் பேசவில்லை, அப்புறம் மூன்றாவது மாடி குஜராத்தி ஆன்ட்டி தன்னிடமும் ஒரு நோட்டு இருப்பதாகச் சொல்லி எடுத்து வந்தார், ஏழு வருடத்து நோட்டு. இரண்டு பக்கத்துக் கட்டடங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டன, ஆர்.டி.ஐ. திங்கட்கிழமை போகிறது.

சுண்ணக்கட்டி டீச்சர், நீங்கள் பலகை ஓரத்தில் போட்ட கோடுகளைத் தேதி, நேரத்தோடு ஒரு வாரத்துக்கு எழுதித் தர முடியுமா? தலைமை ஆசிரியர் கையெழுத்து இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகள் ‘வெள்ளம்’ என்று எழுதிய அந்தத் தாள் இன்னும் இருந்தால் அதன் நகலும் வேண்டும், பெயரை மறைத்துவிட்டு முதல் பக்கமாக வைக்கிறேன்.

---

சுண்ணக்கட்டி எழுதியது:

தாள் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் தருகிறேன். கோடு போடும் வேலையை இந்த வாரம் பிள்ளைகளிடமே கொடுத்திருக்கிறேன், கடைசி பெஞ்சில் ஒரு பையன் கடிகாரத்தைப் பார்த்து நொடிக் கணக்கோடு எழுதுகிறான்.